சனிக்கிழமை நாலு மணி, விறகுப் பாதை

போன மாதம் வாத்தியார்கள் நீங்கள் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கூடத்து வாசலில் எனக்கு மாலை போட்டு, ஒரு கம்பளியும் கொடுத்தீர்கள். கம்பளி நல்ல கம்பளி. அப்புறம் உங்களில் ஒருவர் எழுந்து பேசினார். பெரிய வாத்தியார் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போன பிள்ளைகளில் ஒன்றுக்கும் கீறல் பட்டதில்லை என்றார். சனிக்கிழமை சாயங்காலம் விறகுப் பாதையில் நின்று பெண்களிடம் ஆனை எந்தப் பக்கம் என்று கேட்கிற வழக்கத்தை உண்டாக்கினவர் இவர், இனி அதற்கு இவர் பேரையே வைத்துவிடலாம் என்றார். எல்லாரும் கை தட்டினீர்கள். நான் கும்பிட்டு உட்கார்ந்தேன்.

கீறல் பட்டது. வழக்கமும் என்னுடையது இல்லை. அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஏழாம் வகுப்போடு நின்றவன். அந்தக் காலத்தில் மலையில் வாத்தியார் ஆவதற்கு அது போதும்.

எனக்கு ஊர் சித்தூர் தாலுகா, கொச்சி ராஜ்யம். வீட்டில் மூன்றாவது பையன். வெள்ளாமைக் காடு இருந்தது அண்ணன்மாருக்கே பத்தவில்லை. உடுமலைப்பேட்டை போய், மறையூர் வழியாக மலை ஏறினேன். இங்கே திருவிதாங்கூர். ராஜா வேறு, காசு வேறு, இன்ஸ்பெக்டர் பேசுகிற மலையாளமும் எங்கள் ஊர்ப் பக்கத்து மலையாளம் இல்லை. தமிழாவது ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்த ஜனங்கள் திருநெல்வேலி, மதுரைச் சீமைக்காரர்கள். நான் வாய் திறந்தால் சிரித்தார்கள். "நாயக்கூட வாங்க போங்கன்னு கூப்பிடுதாரு"ன்னு ஒரு பேச்சு. அதனால் வாயைக் குறைத்துக்கொண்டேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

பள்ளிக்கூடம் சின்னக்கானலுக்கு மேலே. இரண்டு வருஷம் ஒண்டியாக நடத்தினேன். மூன்றாவது வருஷம் இன்னொருவரைப் போட்டார்கள். திருநெல்வேலிக்காரர், எனக்கு ஆறு வயசு இளையவர். பிள்ளைகள் என்னைப் பெரிய வாத்தியார் என்றும் அவரைச் சின்ன வாத்தியார் என்றும் கூப்பிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு.

வார நாளில் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பிரச்சினை.

காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டு தோட்டத்தில் இல்லாத ஒரே நாள் ஞாயிறு. வேலை பார்க்கிற ஜனங்கள் துணி துவைப்பார்கள், தூங்குவார்கள், சொந்தக்காரர் இருக்கிற தோட்டத்துக்கு நடந்து போவார்கள். வெளியூர்க்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம். நான் இரண்டு பனியனைத் துவைப்பேன். கொள்ளு வேக வைப்பேன். ஊருக்குக் கடிதம் எழுதுவேன். மணி பத்து ஆகியிருக்கும்.

அவர் ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கவே மாட்டார். ஒரு வாரம் அருவிக்குப் போவார், ஒரு வாரம் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் யாருக்கோ காதுகுத்துக்கு. எங்கே போனாலும் பின்னால் பத்துப் பிள்ளைகள் போகும். திங்கட்கிழமை காலையில் அவர் பையில் பச்சை ஏலக்காய், மலைத்தேன், வாழையிலையில் கட்டின கறி எல்லாம் இருக்கும். எனக்கும் பாதி வைப்பார். நான் சாப்பிடுவேன். ருசியாக இருக்கும். அதுதான் ஆத்திரம்.

ஆரம்பத்தில் என்னையும் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, வாரியளா? சாந்தன்பாறையில கறிச்சோறு."

"வேலை இருக்குதுங்க தம்பி."

"என்ன வேலை?"

"இருக்குதுங்க."

"சட்டி கழுவுத வேலைதானே. அந்தச் சட்டியவும் கூட்டிட்டு வாங்க."

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் சட்டியைக் கழுவினேன்.

லயத்தில் மாடத்தி என்று ஒரு விறகுக்காரி. அவள் மகள் சுடலி என் வகுப்பு, பத்து வயசு. ஒரு தீபாவளிக்கு மாடத்தி வீட்டில் தோசைக்குக் கூப்பிட்டாள். "சின்ன வாத்தியாரு வாராரு. நீங்களும் வாங்களேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அந்தத் தோசை இறங்கவில்லை.

பொறாமை என்று அப்போது அதற்குப் பேர் வைக்கவில்லை. ஒழுங்கு என்று வைத்தேன். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விடும்போது பிள்ளைகளுக்கு மூன்று பலகை நிறையக் கணக்குப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனவர்களால் முடிக்க முடியாது. திங்கட்கிழமை அவர்களுக்குப் பிரம்பு. யார் போனார்கள் என்று கேட்கத் தேவையில்லை, உள்ளங்கை நீட்டுகிறவர்கள்தான். அடி வாங்கிவிட்டு அடுத்த வாரமும் போனார்கள். இதை உங்களில் யாரும் செய்யாதீர்கள். செய்கிறவர்கள் ஏன் செய்கிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்காது. சனிக்கிழமை நாலு மணிக்கு விறகுக்காரிகள் சோலைக்காட்டிலிருந்து இறங்குவார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேலே பாதை வளைகிற இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது அல்லவா, அங்கே இவர் போய் நிற்பார். தலையிலிருந்து விறகுக்கட்டை இறக்க ஒரு கை கொடுப்பார். பிறகு பேச்சு, சிரிப்பு, அரை மணி நேரம். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வாத்தியார் வேலை பார்க்கிறவன் பெண்களோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்று நினைப்பேன். என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளும் போய்க் கேட்டதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நம் மலைக்குக் கிழக்கே விளிம்பில் ஒரு மொட்டைப் பாறை. அங்கே நின்றால் கீழே போடிப் பக்கத்துச் சமவெளி தெரியும். லயத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசி மலையிலேயே பிறந்தவை. வீட்டில் ஊர், ஊர் என்று பேசுவதைக் கேட்டிருக்கின்றன, பார்த்ததில்லை. அந்தப் பாறையில் ஏறினால் அப்பா ஊர் தெரியும் என்று அவற்றுக்கு ஒரு நினைப்பு. அப்பா ஊர் அதற்கும் எவ்வளவோ தள்ளி. ஆனாலும் தரை தெரியும். சின்ன வாத்தியார் அங்கே கூட்டிப்போகிறதாகச் சொல்லியிருந்தார். "தை பொறக்கட்டும். இப்ப போகக்கூடாது" என்பார். பிள்ளைகள் தை மாசத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தன.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பூப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அவர் காட்டுவதற்கு முன்னால் நான் காட்டிவிட்டால்?

அவ்வளவுதான். வேறு நல்ல காரணம் ஒன்றுமில்லை.

லயத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பெரிய வாத்தியார் கூப்பிடுகிறாரே என்று முதலில் பயந்தார்கள். பாறைக்கு என்றதும் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். சுடலி, அவளுக்குப் பின்னால் ஏழு வயசுக் கருப்பசாமி, இன்னும் ஏழு பேர். மாடத்தி துணி துவைக்க ஓடைக்குப் போயிருந்தாள். வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் யாராவது தடுப்பார்கள்.

போகும்போது நன்றாகத்தான் இருந்தது. கருப்பசாமி என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதுவரை ஒரு பிள்ளையும் என் விரலைப் பிடித்தது இல்லை. இதைத்தான் அந்தச் சின்ன வாத்தியான் வாராவாரம் அனுபவிக்கிறான் என்று தோன்றியது. சந்தோஷத்திலும் அவர்தான் வந்து நின்றார்.

பாறை ஏறினோம். கீழே ஒன்றும் இல்லை. பஞ்சு கொட்டின மாதிரி வெள்ளை. காலை வானத்தைப் பார்த்துவிட்டு ஏறினவனுக்குக் கீழேயிருந்து மஞ்சு, மூடுபனி, ஏறும் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் மஞ்சு மேலேயிருந்து இறங்கும். ஐப்பசியில் ஏன் போகக்கூடாது என்று அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பாறை மேல் ஏறி எங்களை மூடியது. பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் சட்டை தெரிகிறது, முகம் தெரியவில்லை.

சுடலிதான் பேசினாள்.

"அய்யா, ஆன ஈத்தக்காட்டுல நிக்கின்னு அம்மா சொன்னா."

ஈற்றைக்காடு, அந்தச் சிறுமூங்கில் புதர், நாங்கள் திரும்பிப் போக வேண்டிய வழியில் இருக்கிறது. வரும்போது அதன் ஓரமாகத்தான் வந்தோம்.

"எப்பக் கண்ணு சொன்னாங்க?"

"நேத்து. வெறகு எடுத்துட்டு வந்து சின்ன வாத்தியார்ட்ட சொன்னா. குட்டியோட நிக்கியாம்."

"ஏன் முன்னாடியே என்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

அப்போதுதான் அந்தச் சுமைதாங்கிக் கல்லில் நடந்த பேச்சு என்னவென்று எனக்கு விளங்கியது. வாரம் முழுக்கச் சோலைக்குள் போய் வருகிறவர்கள் அந்தப் பெண்கள். ஆனை எங்கே தண்ணி குடித்தது, எந்தப் பக்கம் இறங்கியது, சாணி பழசா புதுசா, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு வழி போட்டார். பல்லைக் காட்டுகிறான் என்று நான் நினைத்தது அவருடைய பாடம் தயாரிக்கிற நேரம்.

"மஞ்சு வந்தா ஒக்காந்திரணும்னு சின்ன வாத்தியாரு சொல்லியிருக்காரு. ஒருத்தர் துணிய ஒருத்தர் பிடிச்சிக்கிட்டு, பேசாம" என்றாள் சுடலி.

இங்கே கவனியுங்கள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. யார் சொன்னது என்று சொல்லாமல் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவர் சொன்னார் என்றதும் கால் நிற்கவில்லை.

"அதெல்லாம் வேண்டாங்கண்ணு. எனக்கு வழி தெரியும். நடங்க" என்றேன்.

தெரியாது. வேறு பக்கமாக இறங்கினோம். நூறு அடி போயிருக்க மாட்டோம். விரலைப் பிடித்திருந்த கை உருவிக்கொண்டது. கருப்பசாமி சத்தம்கூடப் போடவில்லை. கல் உருளுகிற சத்தம் கேட்டது, பிறகு அழுகை. நான் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கித் தடவிப் பார்த்தேன். ஒரு ஆள் உயரம்தான் விழுந்திருந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. இன்னும் நாலு அடி தள்ளிப் பாறை முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் வெள்ளை.

அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். அப்போது கீழே எங்கேயோ ஈற்றை முறிகிற சத்தம். பட், பட் என்று. காற்று வந்த பக்கம்தான்.

உட்கார்ந்தோம். ஒருத்தர் துணியை ஒருத்தர் பிடித்துக்கொண்டோம். கருப்பசாமியின் வாயை என் மார்பில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவன் பல் பட்ட இடம் நாலு நாள் கன்றியிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. முறிகிற சத்தம் நின்றதும் தெரியாது. துணியெல்லாம் நனைந்துவிட்டது. ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை. யார் பழக்கினது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு தூரத்தில் ஒரு குரல்.

"ஈரெண்டு?"

எங்களுக்குப் புரியவில்லை. மறுபடியும் வந்தது.

"ஈரெண்டு?"

அவர் குரல். சொல்லிக்கொடுத்தது நான். வாய்ப்பாடு என் பாடம், பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அதை எடுத்து மஞ்சுக்குள் வீசுகிறார், பதில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. பிழைத்தோம் என்று தோன்றவில்லை. இவனா வர வேண்டும் என்று தோன்றியது.

சுடலி என் கையைத் தொட்டாள். "சொல்லட்டா அய்யா?" என்று மூச்சுவிடுகிற சத்தத்தில் கேட்டாள். ஆனை பக்கத்திலேயே நின்றால் பதில் சொன்ன நிமிஷம் எங்கள் கதை முடிந்தது. போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. ஒன்பது பிள்ளைகள். தெரியாமல் முடிவெடுக்க வேண்டும். அப்போது ஒரு கணக்குப் போட்டேன். என் ஆயுசில் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான். அவர் வாயைத் திறந்து கத்துகிறார் என்றால் யாரிடமோ கேட்டுவிட்டுத்தான் கத்துவார். கேட்காமல் செய்கிற ஆள் நான். அவர் இல்லை.

"சொல்லுங்கண்ணு" என்றேன்.

"நாலு!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள்.

"மூவெண்டு?"

"ஆறு!"

பதினாறெண்டு வரைக்கும் போகவில்லை. அதற்குள் வந்துவிட்டார். கூட மாடத்தியும் இரண்டு பெண்களும். ஓடையிலிருந்து திரும்பி வந்து மகளைக் காணோம் என்றதும் மாடத்தி ஆள் அனுப்பியிருக்கிறாள். அவர் கல்யாணச் சாப்பாட்டில் கை வைக்காமல் ஓடி வந்திருக்கிறார். ஆனை ஓடையைத் தாண்டிப் போனதைப் பெண்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் குரல் கொடுத்தார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருப்பசாமியை வாங்கிக்கொண்டார். மாடத்தி மட்டும் சொன்னாள்: "வழிய ஒரு பொம்பளகிட்ட கேட்டா வாத்தியாரு கிரீடம் கீழ விழுந்திருமோ?"

திங்கட்கிழமை பெரட்டுக்களத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் தொரை கூப்பிட்டார். டிஸ்பென்சரியிலிருந்து பையன் கை முறிந்த செய்தி போய்விட்டது. தொரைக்கு அரைகுறைத் தமிழ். கிளார்க்கையாவைப் பார்த்து, "யார் பிள்ளை கூட்டிப் போனது?" என்றார்.

"ஞாயித்துக்கெழம பிள்ளைங்களைக் கூட்டிட்டுச் சுத்துறது சின்ன வாத்தியார்தாங்க" என்றார் கிளார்க்கையா. அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

தொரை அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

கோபமாகப் பார்க்கவில்லை. எனக்காகக் காத்திருந்தார். மூன்று மூச்சு விடுகிற நேரம். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது வார் அறுகிற மாதிரி இருந்தது.

"ஆமா தொரை. அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சது நான்தான்" என்றார்.

அதில் பொய் இல்லை. உண்மையை மட்டும் சொல்லியே என்னைக் காப்பாற்றிவிட்டார். அன்று மத்தியானமே அவருக்குச் சீட்டுக் கிழிந்தது. நடந்தது தெரிந்த பெண்கள் எல்லாம் பெரட்டு வரிசையில் நின்றிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

பிழைப்புப் போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை என்று எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் அது இல்லை. போகட்டும் என்று இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாமல் இருக்கும் என்று இருந்தது.

அறையில் பெட்டியைக் கட்டினார். தேன் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அண்ணாச்சி, சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தக் கல்லுகிட்ட போயி நில்லுங்க. கட்ட எறக்க ஒரு கை கொடுங்க. பெறவு கேளுங்க. என்கிட்ட இருந்த வித்தை அம்புட்டுதான்."

"சரிங்க தம்பி" என்றேன். மன்னிச்சுக்கங்க என்று சொல்ல வாய் வரவில்லை. ஏலப்பாறைப் பக்கம் போகிறதாகச் சொன்னார். போய்ப் பார்த்திருக்கலாம். இரண்டு மூன்று நாள் நடைதான். நான் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை கல்லுக்கிட்டே போய் நின்றேன். பெண்கள் வந்தார்கள். கை நீட்டினேன். ஒருத்தியும் கட்டை இறக்கவில்லை. சுமையோடே கடந்து போனார்கள். அடுத்த வாரமும் அப்படியே. கார்த்திகை முழுக்க நின்றேன், மார்கழி முழுக்க நின்றேன். மழையில் நின்றேன்.

தை பிறந்து முதல் சனிக்கிழமை மாடத்தி என் முன்னால் நின்றாள். கட்டை இறக்கினேன்.

"ஆன மதிகெட்டான் சோலப்பக்கம் எறங்கிருச்சு" என்றாள். "பாறைக்கு நாளைக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க. தையில காட்டுதேன்னு அவரு சொல்லியிருந்தாரு. அவரு சொன்ன சொல்லு கெடக்கூடாது."

போனோம். கருப்பசாமியும் வந்தான், கட்டுப்போட்ட கையோடு. என் விரலைப் பிடிக்கவில்லை. பாறை மேல் ஏறினபோது சமவெளி முழுக்கத் தெரிந்தது. கம்மாய், பனை, மண் ரோட்டில் ஒரு வண்டி போகிற தூசிகூடத் தெரிந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். நான்தான் கூட்டிவந்தேன், ஏதாவது சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன்.

"சின்ன வாத்தியாரு சொன்ன மாதிரியே இருக்கு" என்றாள் சுடலி.

அங்கேயும் எனக்கு எரிந்தது. அன்றிலிருந்து போன மாதம் வரை ஒரு சனிக்கிழமையும் விடாமல் அந்தக் கல்லில் நின்றிருக்கிறேன். பெண்கள் மாறினார்கள், சுடலியே கட்டு சுமந்து வந்தாள், அவள் மகளும் வந்தாள். நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவரை விட நான் ஒரு வாரமாவது அதிகம் நிற்க வேண்டும் என்றுதான் நின்றேன். கருப்பசாமி இப்போது ஃபாக்டரியில் இருக்கிறான். மாலையைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தானே, இடது கை கொஞ்சம் கோணலாக, அவன்தான். நீங்கள் கீறல் பட்டதில்லை என்று பேசினபோது பக்கத்தில்தான் நின்றான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வெளியூரில் ஞாயிற்றுக்கிழமை நீளமாகத்தான் இருக்கும். கூட வேலை பார்க்கிறவன் அதை நன்றாகக் கழிக்கிறான் என்றால் எப்படி என்று அவனிடமே கேளுங்கள். நாலு மணிக்குப் பெண்கள் இறங்குவார்கள். முதலில் கட்டை இறக்குங்கள், அப்புறம் கேளுங்கள்.

அந்த வழக்கத்துக்குப் பேர் வைக்க வேண்டும் என்றீர்கள். இவ்வளவு பக்கம் எழுதியும் அவர் பேரை நான் எழுதவில்லை, பார்த்தீர்களா? மறந்துபோய் இல்லை. எழுதினால் நீங்கள் அவரைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று கை தள்ளிப்போட்டது.

சொல்லிக்கொள்ளுங்கள். அவர் பேர் இசக்கிமுத்து.